கார் கண்ணாடியில் சன் ஃபிலிம்: கருமை வேறு, குளிர்ச்சி வேறு

கத்திரி வெயில் நெருங்கும்போது இணையக் கடைகளில் சன் கன்ட்ரோல் ஃபிலிம் சுருள்கள் விற்பனைக்குக் குவிகின்றன. சில நூறு ரூபாய்க்கு ஒரு சுருள், ஒரு ரப்பர் தேய்ப்பான், ஒரு கட்டர், ஒரு தெளிப்புக் குப்பி எல்லாம் சேர்ந்தே வருவதால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது என்கிறது ஒரு செய்தி. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்துவிட்டது என்கிறது இன்னொன்று. இரண்டுமே உண்மை. அவை எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, கண்ணாடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

காரில் இருப்பது ஒரே வகைக் கண்ணாடி அல்ல

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் விடுமே தவிர, உதிர்ந்து முகத்தில் விழாது. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் சூடேற்றி வேகமாகக் குளிர்வித்து உறுதியூட்டிய ஒற்றைத் தகடுகள்; இவை உடைந்தால் கூர்மையற்ற சிறு துண்டுகளாகச் சிதறும்.

இந்த வேறுபாடு வெயிலுக்கும் பொருந்தும். முன்கண்ணாடியின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தாள் புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஆகவே ‘தோலைக் காக்க முன்கண்ணாடியிலும் ஃபிலிம் ஒட்டுங்கள்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் காரணம் வலுவற்றது. பக்கக் கண்ணாடியின் நிலை வேறு. அது புற ஊதா ‘பி’ கதிர்களைப் பெரும்பாலும் தடுத்தாலும், தோலுக்குள் ஆழமாக ஊடுருவும் புற ஊதா ‘ஏ’ கதிர்களில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவரின் வலது கை இடது கையைவிடக் கறுத்திருப்பதும், சன்னலோர இருக்கைத் துணி முதலில் வெளிறுவதும் இதனால்தான்.

விதி 100 சொல்வது என்ன?

கண்ணாடியின் மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பதற்கு ஒளி ஊடுருவல் அளவு என்று பெயர். ஃபிலிம் அட்டைகளில் இது வி.எல்.டி. என்று அச்சாகியிருக்கும். எண் குறையக் குறைய கருமை கூடும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இது 70 சதவீதத்துக்கும், பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்கிறது. இன்றைய குழப்பத்துக்கு வழி வகுத்த நிகழ்வுகள் இவை:

1. அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரிவதில்லை என்பது மனுவின் மையக் கவலை. தீர்ப்பு நின்ற இடம் அதைவிட நுட்பமானது. விதி கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறது, கண்ணாடி மேல் ஒட்டப்படும் எதையும் பற்றிப் பேசவில்லை. தொழிற்சாலையில் நிறமேற்றிச் செய்த கண்ணாடி வரம்புக்குள் இருந்தால் சரி, அதன்மேல் வேறொரு பொருளை ஒட்ட விதியில் இடமில்லை என்றது நீதிமன்றம். எனவே எத்தனை சதவீத ஒளியை விடும் ஃபிலிமாக இருந்தாலும் 2012 மே 4 முதல் அது தடை செய்யப்பட்டது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றவர்களின் வாகனங்களுக்கு மட்டும் விலக்கு தர வழி வைக்கப்பட்டது.

2. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் மீண்டும் நீதிமன்றத்தை நாடினர். 2012 ஆகஸ்ட் 3 அன்று அவர்களுடைய கோரிக்கை ஏற்கப்படவில்லை. அபராதம் விதிப்பதோடு நில்லாமல், ஒட்டியதை அந்த இடத்திலேயே அகற்றவும் வேண்டும் என்று காவல் துறைக்கு அறிவுறுத்தப்பட்டது.

3. 2020ஆம் ஆண்டில் 100ஆம் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று மட்டும் இருந்த இடத்தில் ‘சேஃப்டி கிளேசிங்’ என்ற தொடரும் சேர்ந்தது; கண்ணாடியை மட்டுமன்றி, கண்ணாடியோடு சேர்ந்த பிற பொருளையும் குறிக்கும் சொல் இது. ஐ.எஸ். 2553 பகுதி 2 என்ற இந்தியத் தரநிர்ணயத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சுடைய கண்ணாடியையும் இந்த வகைக்குள் சேர்க்கிறது. செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெறாத இந்தச் சொல் மாற்றம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

4. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ், 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு திருத்தத்துக்கு முந்தைய விதியை வைத்து எழுதப்பட்டது என்று சுட்டிக்காட்டி, தரநிர்ணயத்துக்கு உட்பட்டதும் 70, 50 என்ற வரம்பைக் காப்பதுமான ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். வண்டியைத் தயாரிப்பவர்தான் இதைப் பொருத்தலாம், வாங்கியவர் பொருத்தக் கூடாது என்ற வாதமும் நிராகரிக்கப்பட்டது.

ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் எல்லைக்குள்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் அதை மேற்கோள் காட்டி வாதிடலாம். சாலையோரத்தில் நிறுத்தும் காவலர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறல்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு பொதுவாகப் பயன்படுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதில் முதல் முறை 500 ரூபாயும் மறுமுறை 1,500 ரூபாயும் அபராதம். தொகையைவிட, நடுரோட்டில் பிளேடால் கிழித்தெடுக்கச் சொல்வதுதான் பலருக்கு இழப்பாக முடிகிறது.

‘ஃபிலிமுக்கு அனுமதி கிடைத்துவிட்டது’ என்ற தலைப்பை மட்டும் படித்தவர்கள் தவறவிடுவது, கேரளத் தீர்ப்பும் கறுப்பு ஃபிலிமை அனுமதிக்கவில்லை என்பதைத்தான். அது அனுமதித்தது, ஏறக்குறைய வெறும் கண்ணாடி போலவே தெளிவாக இருக்கும் ஒரு பொருளை.

கூட்டல் அல்ல, பெருக்கல்

வீட்டில் ஒட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு கடையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் போதும் என்று படித்துவிட்டு, அட்டையில் 50 என்று அச்சிட்ட ஃபிலிமை வாங்குகிறார்கள். சட்டம் அளப்பது ஃபிலிமை அல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்தத்தை.

கார்க் கண்ணாடி தன்னளவிலேயே முழு ஒளியையும் விடுவதில்லை. இலேசான பச்சை சாயலுள்ள பக்கக் கண்ணாடி 75 சதவீதத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிமை ஒட்டினால், வந்து சேர்ந்த 75இல் பாதிதான் உள்ளே போகும், அதாவது 37.5 சதவீதம். இது வரம்பு மீறல். 35 சதவீத ஃபிலிம் என்றால் 26. 20 சதவீத ஃபிலிம் என்றால் வெறும் 15. அதே கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிமை ஒட்டினால் 52.5 வரும், வரம்புக்கு மேல் இரண்டரைதான் மிச்சம். கண்ணாடியின் அளவு 70 ஆக இருந்துவிட்டால் அதே ஃபிலிம் 49இல் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே ஃபிலிமின் எண் மட்டும் தெரிந்து பயனில்லை. தன் வண்டிக் கண்ணாடியின் எண்ணும் தெரிய வேண்டும். ஒளி ஊடுருவல் மீட்டர் வைத்திருக்கும் கடையில் முன்கூட்டியே அளந்துகொள்வது இந்த வேலையின் முதல் படி.

முன்கண்ணாடியில் கணக்கு இன்னும் இறுக்கமானது. 75 சதவீதம் விடும் முன்கண்ணாடியில், மிகத் தெளிவானது என்று விற்கப்படும் 90 சதவீத ஃபிலிமை ஒட்டினாலும் கிடைப்பது 67.5தான். 70ஐத் தொட 93க்கு மேல் வேண்டும். பின்கண்ணாடிக்கும் இதே 70தான் வரம்பு. அப்படியானால் நடைமுறையில் மிஞ்சுவது பக்கக் கண்ணாடிகள் மட்டுமே. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒட்டுவதற்கு மிகக் கடினமானவை, இரு திசையிலும் வளைந்து, உட்புறத்தில் மெல்லிய சூடேற்றுக் கம்பிகள் ஓடும் பின்கண்ணாடியும், மிகப் பெரிய பரப்புள்ள முன்கண்ணாடியும்தான். புதிதாகக் கற்பவர் தொடக் கூடாத இரண்டையும் இந்தக் கணக்கே விலக்கிவிடுகிறது.

வரம்பு ஏன் இருக்கிறது என்பதற்கு நீதிமன்றம் சொன்ன குற்றத் தடுப்பு ஒரு காரணம். சாலையில் ஓட்டுபவருக்கு அதைவிட நெருக்கமான காரணம் இரவு. விளக்கில்லாத மாநிலச் சாலையில் பின்விளக்கற்ற மிதிவண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வருகிறார்; அவர் மேல் படும் சொற்ப வெளிச்சம், கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பக்கவாட்டு ஆடியைப் பார்க்கும் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். பகலில் சற்றே நிழல் போலத் தோன்றும் ஃபிலிம், இரவில் அவரை மறைத்துவிடப் போதுமானது.

வெப்பத்தைத் தடுப்பது கருமை அல்ல

தரையை அடையும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் புற ஊதா, 45 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, எஞ்சிய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சாயம் மட்டும் ஏற்றிய மலிவான கறுப்பு ஃபிலிம், கண்ணுக்குத் தெரியும் பங்கை நிறையத் தடுக்கிறது. அகச்சிவப்பின் பெரும்பகுதி அதன் வழியே தாராளமாக உள்ளே வருகிறது. அது தடுத்த ஒளியும் காணாமற் போவதில்லை. ஃபிலிம் அதை உறிஞ்சிச் சூடாகிறது, கண்ணாடி சூடாகிறது, அந்தச் சூட்டில் ஒரு பகுதி வெளியேயும் ஒரு பகுதி உள்ளேயும் வீசப்படுகிறது. உள்ளே இருட்டாக இருப்பதால் குளிர்ச்சி போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நானோ செராமிக் என்று விற்கப்படும் ஃபிலிம்களில் அகச்சிவப்பைத் தேர்ந்து உறிஞ்சும் நுண்துகள்கள் கலக்கப்படுகின்றன. இவை தெளிவாக இருந்துகொண்டே வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் இவற்றின் விளம்பரங்களைச் சந்தேகத்தோடு மட்டும் அல்ல, ஒரு கணக்கோடும் படிக்க வேண்டும். ‘99 சதவீத அகச்சிவப்புத் தடுப்பு’ என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு குறுகிய அலைநீளப் பட்டையில் அளந்த எண். கடையில் விளக்கின் முன் ஃபிலிமைப் பிடித்து, கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த விளக்கு வீசுவது பெரும்பாலும் அகச்சிவப்பு என்பதால் எந்தச் செராமிக் ஃபிலிமும் அங்கே அற்புதம் காட்டும்.

நம்ப வேண்டிய எண் மொத்த சூரிய ஆற்றல் தடுப்பு, அட்டையில் டி.எஸ்.ஈ.ஆர். என்று இருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 70 சதவீத ஒளியை விடும் ஃபிலிம், மொத்த ஆற்றலில் 45 பங்காக இருக்கும் ஒளியில் 31.5 பங்கை உள்ளே விட்டே தீரும். மற்ற எல்லாவற்றையும் அது அறவே தடுத்தாலும், உறிஞ்சிய சூட்டில் துளியும் உள்ளே வீசாவிட்டாலும், 68.5க்கு மேல் போக முடியாது. ஆகவே 70 சதவீத ஒளி ஊடுருவலும் 80 சதவீத வெப்பத் தடுப்பும் ஒரே அட்டையில் இருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடும் காரில் ஏ.சி. விரைவாகக் குளிரூட்டவும், தோளில் விழும் சுள்ளென்ற வெயில் தணியவும் நல்ல ஃபிலிம் உதவும். மூன்று மணி நேரம் வெட்டவெளியில் நிறுத்திய காருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. சூடேறுவது சற்றுத் தாமதமாகுமே தவிர நின்றுவிடாது. நிறுத்திய காருக்கு முன்கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளித்தாள் மறைப்பும் மரநிழலும்தான் மலிவான மருந்து.

எந்த ஃபிலிம்?

சாயமேற்றிய ஃபிலிம் மலிவானது. சில ஆண்டுகளில் சாயம் சிதைந்து ஊதா நிறமாகும், கொப்புளம் கிளம்பும். உலோகப் பூச்சுள்ளது வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆனால் வானொலி அலைகளையும் மங்கச் செய்யும், கைபேசி, ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் பாதிக்கப்படலாம், முன்கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேகும் படிக்கப்படாமல் போகலாம். கார்பன் வகை நிறம் மாறாது, விலை நடுத்தரம். செராமிக்கில் இந்தக் குறைகள் இல்லை, விலைதான் குறை. எதுவானாலும் ஐ.எஸ். 2553 பகுதி 2 என்ற குறிப்பும் ஊடுருவல் அளவும் அச்சிட்ட சான்றும் ரசீதும் இல்லாத சுருளை வாங்குவதில் பொருளில்லை. கேரளத் தீர்ப்பு உதவக்கூடியது அத்தகைய ஃபிலிமுக்கு மட்டும்தான். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சுருள்களில் இந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் ஒட்டும் முறை

ஃபிலிம் எப்போதும் கண்ணாடியின் உட்புறத்தில்தான் ஒட்டப்படுகிறது. பசையை உடனே பிடிக்க விடாமல் சோப்பு நீரில் மிதக்கவைத்து, சரியான இடத்துக்கு நகர்த்தி, பிறகு நீரை வழித்து வெளியேற்றுவதுதான் இதன் முழுத் தத்துவம். கீழே உள்ள படிகள் ஒவ்வொன்றும் அந்த நீர் காய்ந்துவிடாமலும், அதில் தூசி சேராமலும் காப்பதற்கே.

1. வெயில் படாத, காற்று அடிக்காத இடத்தில் அதிகாலையில் தொடங்க வேண்டும். சூடான கண்ணாடியில் நீர் நொடிகளில் காய்ந்து பசை கோணலாகப் பிடித்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொள்வது நல்லது.

2. ஒரு லிட்டர் நீரில் சில துளிகள் குழந்தை ஷாம்பு போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்தபின் ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகளாக நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆர்.ஓ. நீரோ, பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரோ ஏற்றது.

3. கதவிலுள்ள சன்னல் பொத்தான்களையும் ஒலிபெருக்கியையும் தடித்த துண்டால் மூடிவிட்டு, கண்ணாடியின் உட்புறத்தை நனைத்து, புதிய பிளேடால் இலேசாகச் சுரண்டிப் பழைய பசையையும் அழுக்கையும் நீக்க வேண்டும். மறந்துபோகும் இடம், கண்ணாடி கதவுக்குள் இறங்கும் ரப்பர் பீடிங்கின் உட்பகுதி. அங்கே ஒளிந்திருக்கும் தூசிதான் பின்னால் நீரோடு மேலே ஏறி வந்து ஃபிலிமுக்குள் சிக்கும்.

4. வெட்டுவதற்கு அச்சு, கண்ணாடியின் வெளிப்புறம். வெளிப்புறத்தை நனைத்து, ஃபிலிமின் பாதுகாப்புத் தாள் நம்மைப் பார்க்கும்படி விரித்து, பக்கங்களில் சற்றும் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டரும் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். தாள் உள்நோக்கி இருக்கும்படி வெட்டிவிட்டால், அந்தத் துண்டு எதிர்ப்பக்கக் கதவுக்குத்தான் பொருந்தும். எது தாள், எது ஃபிலிம் என்று தெரியாவிட்டால், ஒரு மூலையின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டி இழுத்தால் பிரிந்து வருவது தாள். பிறகு சன்னலைச் சற்று இறக்கி, கண்ணாடியின் மேல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழாக வெட்டி நேராக்க வேண்டும். விளிம்பு வரை ஒட்டினால் சன்னல் ஏறி இறங்கும்போது உரசி உரிந்துவிடும்.

5. உட்புறக் கண்ணாடியை நீர் வழிய நனைத்து, தாளின் மேல்பாதியைப் பிரித்துக்கொண்டே பசைப் பக்கத்திலும் தெளிக்க வேண்டும். விரல்களும் ஈரமாக இருக்க வேண்டும். இதற்கு இன்னொருவர் துணை இருப்பது பெரிதும் நல்லது. மேல் விளிம்பைச் சரியாக அமைத்து, நடுவில் ஒரு முறை தேய்த்து நிறுத்திக்கொண்டு, சன்னலை முழுவதும் ஏற்றி, மீதித் தாளைப் பிரித்து, கீழ்ப்பகுதியைப் பீடிங்குக்குள் செருக வேண்டும்.

6. ஃபிலிமின் மேற்பரப்பையும் நனைத்தபின், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, ஒரு வழித்தலின் ஓரத்தை அடுத்தது மூடும்படி ரப்பர் தேய்ப்பானால் வழிக்க வேண்டும். முதல் சுற்று இலேசாக, அடுத்த சுற்றுகள் அழுத்தமாக. விளிம்பில் விரல் போல எழும் மடிப்புகளுக்கு, சூடான காற்றை வீசும் கருவியான ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, ஃபிலிம் இளகியதும் தேய்த்தால் படியும். அதே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் ஃபிலிம் சுருங்கிக் கருகும்.

முதல் கண்ணாடி வீணாகும் என்று கணக்கிட்டே சுருள் வாங்க வேண்டும். பின் கதவின் சிறிய கண்ணாடியில் தொடங்கி, ஓட்டுநர் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது அனுபவமுள்ளவர்கள் சொல்லும் வரிசை. ஓரிரு தூசிப் புள்ளிகள் தேர்ந்த கடைகளிலும் தங்கும். அதற்காகப் பாதி ஒட்டியதை உரித்து மீண்டும் ஒட்ட முயன்றால் புள்ளிகள் பெருகுமே தவிரக் குறையாது.

ஒட்டிய பிறகும், உரிக்கும்போதும்

மூன்று நான்கு நாட்களுக்குச் சன்னலை இறக்கக் கூடாது. பழக்கத்தில் கை போய்விடும் என்பதால் பொத்தானின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பது பயன்தரும். ஃபிலிமுக்கு அடியில் மிஞ்சிய ஈரம் முழுவதும் காய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இன்னும் நீளும். அதுவரை தெரியும் மங்கலும் சிறு நீர்க்கொப்புளங்களும் தாமாக மறையும். தூசியைச் சுற்றி நிற்கும் காற்றுக்குமிழி மறையாது. துடைக்கும்போது அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவங்களைத் தவிர்க்க வேண்டும். அவை ஃபிலிமையும் பசையையும் கெடுக்கும்.

பழைய ஃபிலிமை உலர்ந்த நிலையில் இழுத்தால் ஃபிலிம் கையோடு வரும், பசை கண்ணாடியோடு நிற்கும். துணி இஸ்திரிக்கான நீராவிக் கருவியாலோ ஹீட் கன்னாலோ சூடேற்றி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் இரண்டும் சேர்ந்தே வரும். முந்தைய உரிமையாளர் பின்கண்ணாடியிலும் ஒட்டிவைத்த வண்டி என்றால் அங்கே பிளேடு படவே கூடாது. சூடேற்றுக் கம்பிகளாகத் தெரிபவை கண்ணாடியின் உட்பரப்பில் அச்சிட்ட மெல்லிய கோடுகளே. ஒரு கோடு அறுந்தால் அந்த வரி முழுவதும் மழைநாளில் பனிமூட்டம் விலகாமல் நின்றுவிடும்.